நகரத்தின் தரவுக்கு யார் பொறுப்பு?

நியூயார்க்கில் வண்டியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் எழுதப்படும் ஒவ்வொரு அபராதச் சீட்டும் அந்த மாநகரின் திறந்த தரவுத் தளத்தில், அதாவது நகரம் தன் பதிவுகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடும் இணையதளத்தில், ஒரு வரியாகப் போய்ச் சேர்கிறது. தேதி, தெரு, கதவு எண், எந்த விதி மீறப்பட்டது என்பதற்கான குறியீடு, சீட்டை எழுதியது எந்தத் துறை என எல்லாம் அந்த வரியில் உண்டு. நகரத் திட்டமிடல் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்றுத்தந்த பென் வெலிங்டன் என்பவர், இந்த வரிகளில் ஒரே ஒரு குறியீட்டை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தார். நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சாய்தளத்தை மறித்து வண்டியை நிறுத்தியதற்கான அபராதம் அது. திரும்பத் திரும்பச் சீட்டு விழுந்த முகவரிகளை எடுத்து, கூகுளின் தெருப் படங்களில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பல இடங்களில் அங்கே வண்டி நிறுத்துவது சட்டப்படி சரி. பாதசாரிகள் கடக்கும் கோடுகளோடு சேராத சாய்தளங்களின் முன்னால் நிறுத்தலாம் என்று 2009-லேயே விதி மாறியிருந்தது. சீட்டு எழுதுவது மட்டும் நிற்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் 17 லட்சம் டாலர் இப்படி வசூலாகிறது என்று அவர் கணக்குப் போட்டார்.

2016-ல் அவர் இதைக் காவல் துறையிடம் கொண்டுபோனார். துறை பதில் சொன்னது. விதி மாறியபோது போக்குவரத்துப் பணியாளர்களுக்குத்தான் முக்கியமாகப் பயிற்சி கொடுத்தோம், ஆனால் இந்தக் குறியீட்டில் பெரும்பாலான சீட்டுகளை எழுதியவர்கள் காவலர்கள் என்று ஒப்புக்கொண்டது. அனைவருக்கும் புதிய அறிவுறுத்தல் போனது. இனி இத்தகைய சீட்டுகளைக் கணினி வழியே கண்காணிப்போம் என்றும், இந்தப் பகுப்பாய்வும் திறந்த தரவும் இல்லாவிட்டால் இது தெரிந்திருக்காது என்கிற பொருளில் நன்றியும் சொன்னது.

திறந்த தரவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இந்தச் சம்பவத்தின் முதல் பாதியைத்தான் சொல்வார்கள்: தனி மனிதர் ஒருவர், ஒரு மடிக்கணினி, ஒரு கண்டுபிடிப்பு. என் கண்ணுக்கு இரண்டாம் பாதிதான் பெரிதாகத் தெரிகிறது. கேள்வி வந்தபோது அதை வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் இருந்தார்கள். தவறு எந்தப் பிரிவில் நடந்தது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. சீட்டு எழுதிய துறை எது என்ற ஒரு நெடுவரிசை அந்த அட்டவணையில் இருந்ததும், அதை ஒழுங்காக நிரப்பி வந்ததும்தான் அதற்கு வழி செய்தன. தரவைத் திறப்பது என்பது வெளியே தெரிகிற வேலை. அதற்குப் பின்னால் யார் எதை, எப்படி, எவ்வளவு காலம், யார் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் தரவு ஆளுமை என்கிறோம். பின்னது இல்லாமல் முன்னது நிற்காது.

எதைத் திறந்த தரவு என்று ஏற்றுக்கொள்வது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. 2007 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் செபாஸ்டோபோல் என்ற ஊரில் முப்பது பேர் கூடி எட்டுக் கொள்கைகளை எழுதினார்கள். தரவு முழுமையாக இருக்க வேண்டும், மூல வடிவில் இருக்க வேண்டும், காலத்தோடு வர வேண்டும், கணினியால் படிக்க முடிய வேண்டும், யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும், ஒரு நிறுவனத்தின் மென்பொருளை வாங்கினால்தான் திறக்கும் என்கிற வடிவில் இருக்கக் கூடாது, பயன்படுத்த உரிமத் தடை இருக்கக் கூடாது என்று அந்தப் பட்டியல் போகிறது. இன்றும் இதைத் தாண்டிப் பெரிதாக யாரும் சேர்த்துவிடவில்லை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றுவது வெளியீடுதான், திறந்த தரவு ஆகாது. முந்நூறு பக்க வரவு செலவுத் திட்டத்தை அப்படி ஏற்றினால், ஒரு வார்டுக்கான தொகையைக் கூட்டிப் பார்க்கக்கூட ஒருவர் உட்கார்ந்து கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அதே எண்கள் எக்செல் கோப்பாக அந்த அலுவலகத்திலேயே இருக்கும் என்பதுதான் இதில் ஆதங்கமான விஷயம்.

கொள்கை சரி, அதை நடத்துவது யார்? பல நகரங்கள் மேயரின் உத்தரவோடு தொடங்கின. அடுத்த மேயர் வந்தால் உத்தரவு தளரும். நியூயார்க் 2012-ல் அதைச் சட்டமாகவே போட்டது. பொதுத் தரவு எல்லாவற்றையும் ஒரே தளத்தில் 2018 முடிவதற்குள் வெளியிட வேண்டும், ஒவ்வொரு துறையும் தன்னிடம் என்ன இருக்கிறது, எப்போது தரும் என்று திட்டம் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். பட்டியல் கேட்டதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். தன்னிடம் என்னென்ன தரவு இருக்கிறது என்றே ஒரு நகரத்துக்குத் தெரியாது என்பதுதான் பொதுவான நிலை. சொத்து வரிப் பிரிவில் ஒரு கணினி, கட்டட அனுமதிக்கு இன்னொன்று, குடிநீருக்கு வேறொன்று, சுகாதாரப் பிரிவில் யாரோ ஒருவரின் மேசையில் இருக்கும் எக்செல் கோப்பு. எது எங்கே இருக்கிறது என்று எழுதி வைப்பதுதான் ஆளுமையின் முதல் வேலை. சலிப்பான வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் மற்ற எதுவும் நடக்காது.

இதன் ஆழம் புரிய அதே நியூயார்க்கில் நடந்த இன்னொன்றைப் பார்க்கலாம். ஒரு வீட்டைச் சட்டவிரோதமாகச் சிறு சிறு அறைகளாகத் தடுத்து, தாங்க முடியாத அளவுக்கு ஆட்களைக் குடிவைப்பது அங்கே பெரிய பிரச்சினை. தீப்பிடித்தால் உயிர் போகும். ஆண்டுக்குச் சுமார் 25,000 புகார்கள் வரும், ஆய்வாளர்கள் 200 பேர்தான். மேயர் அலுவலகத்தின் தரவுப் பகுப்பாய்வுக் குழுவை நடத்திய மைக் ஃப்ளவர்ஸ், எந்தப் புகார் உண்மையிலேயே ஆபத்தானது என்று முன்கூட்டியே கணிக்க முயன்றார். அதற்கு நகரில் உள்ள ஒவ்வொரு கட்டடத்தைப் பற்றியும் எல்லாத் துறைகளிடமும் இருப்பதை ஒன்று சேர்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல். கட்டடத் துறை ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண் கொடுத்திருந்தது. வீட்டுவசதித் துறை வேறு எண் வைத்திருந்தது. வரித் துறைக்கு அது ஒரு மனைப் பிரிவு. காவல் துறைக்கு அது வரைபடத்தில் ஒரு புள்ளி. தீயணைப்புத் துறையோ, புழக்கத்திலிருந்தே போய்விட்ட தெருமுனை அழைப்புப் பெட்டிகளில் எது அருகில் இருக்கிறது என்று வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தது. ஒரே வீடு, ஐந்து பெயர்கள். இவற்றைப் பொருத்தி முடித்த பிறகு, ஆய்வாளர் போய்ப் பார்த்து உடனே காலி செய்யச் சொல்ல வேண்டிய அளவுக்கு மோசமான வீடுகளின் விகிதம் 13 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்கு மேல் போனது. கணிப்புச் சூத்திரத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். ஐந்து பெயர்களையும் ஒன்றாக்கிய வேலைதான் அதைச் சாத்தியமாக்கியது என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் நெடுவரிசைகளின் அர்த்தம். நகரங்கள் மக்களின் புகார்களை வெளியிடும்போது பெரும்பாலும் இரண்டு தேதிகள் இருக்கும்: புகார் வந்த நாள், முடிக்கப்பட்ட நாள். இரண்டையும் கழித்துச் சராசரி எடுத்து, குழி மூடப்பட இத்தனை நாள் ஆகிறது என்று யார் வேண்டுமானாலும் வரைபடம் போட்டுவிடலாம். ஆனால் முடிக்கப்பட்ட நாள் என்றால் என்ன? குழி மூடப்பட்ட நாளா, ஊழியர் வந்து பார்த்த நாளா, வேறு துறைக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிய நாளா? ஒரே நகரத்தில் ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு விதமாக நிரப்பக்கூடும். எந்த நெடுவரிசைக்கு என்ன பொருள், யார் எப்போது நிரப்புகிறார்கள் என்று விளக்கும் குறிப்பு இல்லாத தரவு, தவறான முடிவுகளுக்கு நேராக இட்டுச்செல்லும். 2015-ல் நியூயார்க் தன் சட்டத்தைத் திருத்தியபோது, ஒவ்வொரு தரவுத் தொகுப்போடும் இத்தகைய விளக்கக் குறிப்பு இருக்க வேண்டும் என்று சேர்த்தது. பார்க்கச் சின்ன விஷயம். தரவை உண்மையில் பயன்படுத்துகிறவர்களிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

எந்தத் தரவு நீடிக்கிறது, எது செத்துப்போகிறது என்பதிலும் ஒரு ஒழுங்கு தெரிகிறது. 2008-ல் வாஷிங்டன் நகரம் தன் தரவை வைத்துச் செயலிகள் உருவாக்கும் போட்டி நடத்தியது. முப்பது நாளில் 47 செயலிகள் வந்தன. உலகமே அதைப் பார்த்துப் போட்டிகள் நடத்தத் தொடங்கியது. பரிசு வாங்கிய பிறகு அந்தச் செயலிகளைப் பராமரிக்க ஆள் இல்லை. இரண்டே ஆண்டுகளில் வாஷிங்டனே போட்டியைக் கைவிட்டது. இதற்கு நேர்மாறாகப் பேருந்து, ரயில் நேரத் தரவு. 2005-ல் போர்ட்லேண்ட் நகரின் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து நேர அட்டவணைகளை எழுத ஒரு பொது வடிவத்தை உருவாக்கின. நிறுத்தங்களுக்கு ஒரு கோப்பு, வழித்தடங்களுக்கு ஒன்று, நேரங்களுக்கு ஒன்று என எளிய எழுத்துக் கோப்புகள்தான். இன்று கைப்பேசியில் அடுத்த பேருந்து எப்போது என்று பார்க்கும்போது, உலகின் எந்த மூலையானாலும் பெரும்பாலும் அந்த வடிவம்தான் பின்னால் ஓடுகிறது. லண்டன் போக்குவரத்து நிறுவனம் தன் தரவைத் திறந்து விட்டதால் பயணிகளுக்கும் நகரத்துக்கும் ஆண்டுக்கு 13 கோடி பவுண்டு வரை பலன் கிடைக்கிறது என்று 2017-ல் டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனம் மதிப்பிட்டது.

ஏன் இது மட்டும் வாழ்ந்தது? அந்த நிறுவனங்களே தினமும் அந்தத் தரவை வைத்துத்தான் வண்டி ஓட்டுகின்றன. தரவு தப்பாக இருந்தால் காலையில் முதல் வண்டியிலேயே தெரிந்துவிடும், சரிசெய்ய ஆள் இருக்கும். வெளியே கொடுப்பதற்கென்றே தனியாகத் தயாரிக்கும் தரவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதைத் தயாரித்தவர் இடம் மாறிப்போனதும் அது அப்படியே நின்றுவிடும். கடைசியாகப் புதுப்பித்த நாள் மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு முன்னால் என்று கிடக்கும் தொகுப்புகள் எந்த நகரத்தின் தளத்திலும் கிடைக்கும். தளத்தில் எத்தனை தொகுப்புகள் இருக்கின்றன என்று எண்ணிக்கை சொல்லிப் பெருமைப்படும் நகரங்கள், அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்றும் சொல்ல வேண்டும்.

இனி ஆபத்துப் பக்கம். 2014-ல், நியூயார்க் டாக்சி ஆணையத்திடமிருந்து தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் 2013-ஆம் ஆண்டின் டாக்சிப் பயணங்கள் அனைத்தையும் கேட்டு வாங்கினார். 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம், கட்டணம், டிப்ஸ் எல்லாம் இருந்தன. ஓட்டுநரின் உரிம எண்ணையும் டாக்சியின் எண்ணையும் ஆணையம் அப்படியே கொடுக்கவில்லை. எம்டி5 என்ற கணக்கீட்டுக்குள் செலுத்தி, புரியாத எழுத்துச்சரமாக மாற்றிக் கொடுத்தது. அந்தச் சரத்திலிருந்து எண்ணுக்குத் திரும்பிப் போக முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரே எண்ணைக் கொடுத்தால் எப்போதும் ஒரே சரம்தான் வரும். டாக்சி எண்களும் உரிம எண்களும் குறிப்பிட்ட சில அமைப்புகளில்தான் வரும். சாத்தியமான எண்கள் மொத்தமும் சில கோடிதான். விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் வல்லுநர் சாத்தியமான எல்லா எண்களுக்கும் சரத்தைக் கணக்கிட்டு ஒப்பிட்டார். சில மணி நேரத்தில் ஓட்டுநர்கள் அனைவரும் வெளிப்பட்டுவிட்டார்கள். யார் எங்கே போனார், என்ன சம்பாதித்தார் என்று எல்லாம் தெரிந்தது.

அதோடு முடியவில்லை. பயணிகளின் பெயர் அந்தத் தரவில் எங்குமே கிடையாது. ஆனால் பிரபலங்கள் டாக்சியில் ஏறும்போது எடுத்த படங்கள் இணையத்தில் இருந்தன. படத்தில் டாக்சி எண் தெரிந்தது. இடமும் நேரமும் தெரிந்தன. இன்னொரு ஆய்வாளர் இரண்டையும் பொருத்தி, அவர்கள் எங்கே இறங்கினார்கள், எவ்வளவு டிப்ஸ் கொடுத்தார்கள் என்று காட்டினார். இங்கே கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கேட்டவர் ஆர்வத்தில் கேட்டார். கொடுத்தவர் அடையாளத்தை நீக்கிவிட்டதாக நம்பிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால், இதை வேறு எதோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியது யாருடைய வேலை என்பது வகுக்கப்படவில்லை, அவ்வளவுதான். இடமும் நேரமும் சேர்ந்த தரவில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. 15 லட்சம் பேரின் கைப்பேசித் தடங்களை வைத்து 2013-ல் வந்த ஓர் ஆய்வு, ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கு புள்ளிகள் தெரிந்தாலே 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியது.

அதனால்தான் முழுவதையும் திற என்ற முழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சியாட்டில் நகரம் 2016-ல் எடுத்த நிலை நிதானமானது. திறப்பதையே முதல் தேர்வாகக் கொள்வோம், ஆனால் தனியுரிமை, பாதுகாப்பு, தரம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே திறப்போம் என்றது அந்த நகரம். திறக்க மறுப்பதற்குத் தனியுரிமையைச் சாக்காகச் சொல்லும் அதிகாரிகளும் உண்டு. ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகையில் யாருடைய தனியுரிமையும் இல்லை. குடிமகனின் நடமாட்டத்தில் இருக்கிறது. அரசு என்ன செய்கிறது என்பதைக் காட்டும் தரவையும், மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் காட்டும் தரவையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் இந்தச் சண்டை இவ்வளவு குழம்பிப்போகிறது.

தரவில் இருப்பவர்களைப் பற்றிக் கவலைப்படுவது போலவே, இல்லாதவர்களைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். பாஸ்டன் நகரம் கைப்பேசியின் அதிர்வை வைத்துச் சாலைக் குழிகளைத் தானாகக் கண்டறியும் ஒரு செயலியை வெளியிட்டது. நல்ல யோசனை. ஆனால் அன்று ஸ்மார்ட்ஃபோனும் காரும் வைத்திருந்தவர்கள் எந்தத் தெருவில் அதிகமாகப் போகிறார்களோ, அந்தத் தெருக் குழிகள்தான் அதிகம் பதிவாகும். ஏழைகளும் முதியவர்களும் வாழும் பகுதி குழியே இல்லாத பகுதியாகத் தோன்றிவிடும். புகார் எண்ணிக்கையை வைத்துப் பணம் ஒதுக்கும் எந்த நகரத்திலும் இதே கோளாறு உண்டு. புகார் கொடுத்தால் எதாவது நடக்கும் என்று நம்புகிறவர்கள்தான் புகார் கொடுப்பார்கள்.

ஆனால் இருக்கும் பதிவுகளையே சரியாகச் சேர்த்தால், விடுபட்டவர்களையும் காட்ட முடியும். ஒஹாயோ மாநிலத்தில் சேன்ஸ்வில் நகரத்தை ஒட்டிய கோல் ரன் என்ற பகுதியில் கறுப்பின மக்களின் வீடுகளுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகக் குழாய்த் தண்ணீர் வரவில்லை. மழைநீரைப் பிடித்தும், வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தும் வாழ்ந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில் ஒரு வரைபடம் சான்றாக வந்தது. குழாய்கள் எங்கே போகின்றன, எந்த வீட்டில் எந்த இனத்தவர் குடியிருக்கிறார்கள் என்ற இரண்டு தகவல்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த வரைபடம். இரண்டும் பொருந்திய விதத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 2008-ல் நடுவர் குழு ஏறக்குறைய 1.1 கோடி டாலர் இழப்பீடு அளித்தது.

தரவு நகரத்தின் கையிலேயே இல்லாமல் போவது இன்னொரு சிக்கல். குப்பை வண்டி, பார்க்கிங், தெருவிளக்கு, வாடகை மிதிவண்டி என எல்லாவற்றையும் தனியார் நடத்தும்போது, தரவும் அவர்கள் சர்வரில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஒப்பந்தம் முடிந்தால் புதிதாக வருகிறவர் ஒன்றும் தெரியாமல் தொடங்க வேண்டும். பார்சிலோனா இதை டெண்டரிலேயே எதிர்கொண்டது. நகரத்துக்காகச் சேவை செய்யும்போது திரட்டும் தரவைக் கணினியால் படிக்கக்கூடிய வடிவில் நகரத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தங்களில் சேர்த்தது. டொரான்டோவில் வேறு மாதிரி போனது. கூகுளின் சகோதர நிறுவனமான சைட்வாக் லேப்ஸ் 2017-ல் ஏரிக்கரையில் சென்சார்கள் நிறைந்த ஒரு குடியிருப்பைக் கட்டுவதாக அறிவித்தது. திரட்டும் தரவு யாருடையது என்ற கேள்வி அறிவிப்புக்குப் பிறகுதான் பேசப்பட்டது. திட்டத்துக்கு ஆலோசகராக இருந்த, ஒன்டாரியோவின் முன்னாள் தனியுரிமை ஆணையர் ஆன் கவுகியன், திரட்டும் இடத்திலேயே அடையாளத்தை நீக்க எல்லா நிறுவனங்களையும் கட்டாயப்படுத்த மாட்டார்கள் என்று தெரிந்ததும் 2018-ல் விலகினார். 2020 மே மாதம், பொருளாதார நிலை சரியில்லை என்று காரணம் சொல்லி நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. அதற்குள் தரவைப் பற்றிய சண்டையில் இரண்டரை ஆண்டுகள் போயிருந்தன. தரவு யாருடையது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் பேச வேண்டும். பின்னால் பேசும்போது நகரத்தின் கை தாழ்ந்துதான் இருக்கும்.

இப்போது கேள்வி இன்னொரு படி ஏறியிருக்கிறது. நகரங்கள் தரவை வைத்துத் தாங்களே முடிவெடுக்கத் தொடங்கிவிட்டன. சிகாகோ எந்த உணவகத்தை முதலில் சோதிப்பது என்று கணிக்கும் ஒரு கணினி மாதிரியை உருவாக்கியது. சோதனை முறையில், மோசமான விதிமீறல்கள் சராசரியாக ஏழரை நாள் முன்னதாகவே பிடிபட்டன. நகரம் அந்த நிரலையும் தரவையும் பொதுவில் வைத்தது. அப்படி வைத்ததால், 2019-ல் வெளியாட்கள் அதைத் திறந்து சுயேச்சையாக ஆராய முடிந்தது. எந்த ஆய்வாளர் சோதனைக்குப் போகிறார் என்பதும் மாதிரியின் உள்ளீடுகளில் ஒன்று. அப்படியானால் கணிப்பில் எவ்வளவு பங்கு உணவகத்தைப் பற்றியது, எவ்வளவு ஆய்வாளரின் கண்டிப்பைப் பற்றியது? கேட்க வேண்டிய கேள்வி. நிரலைப் பூட்டி வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது.

2020 செப்டம்பரில் ஹெல்சிங்கியும் ஆம்ஸ்டர்டாமும் தாங்கள் பயன்படுத்தும் இத்தகைய கருவிகளுக்குப் பொதுப் பதிவேடு தொடங்கின. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம். எதற்காகப் பயன்படுகிறது, எந்தத் தரவில் ஓடுகிறது, மனிதர் எந்த இடத்தில் மேற்பார்வை செய்கிறார், எந்தத் துறை பொறுப்பு, யாரைத் தொடர்புகொள்வது என்று எளிய மொழியில் எழுதியிருக்கிறார்கள். தொடங்கியபோது பட்டியல் சிறியதுதான், நகரம் பயன்படுத்திய எல்லாம் அதில் இல்லை. ஆனாலும் கருவிகளுக்கு வந்த இந்த வழக்கம் சாதாரணத் தரவுத் தொகுப்புகளுக்கு இன்னும் சரியாக வரவில்லை. பல நகரங்களின் தளத்தில் ஒரு தொகுப்பைத் திறந்து, பொறுப்பாளர் என்ற இடத்தைப் பார்த்தால், நூற்றுக்கணக்கான தொகுப்புகளுக்கும் பொதுவான ஒரே மின்னஞ்சல் முகவரிதான் இருக்கும். அபராதச் சீட்டில் ஒரு தவறைக் கண்டுபிடித்தவர் அந்த முகவரிக்கு எழுதினால், அது தளத்தை நடத்தும் பிரிவுக்குப் போகும். சீட்டு எழுதும் துறையில் அதை யாரிடம் கொடுப்பது என்று அங்கே எழுதி வைத்திருந்தால்தான் அது மேலே நகரும்.